மூன்றாவது கவுண்டரில் யாருமில்லை

"சார்... இங்க காலியாத்தானே இருக்கு? ஏன் அங்க போய் நிக்கிறீங்க?"

அவள் கூப்பிட்டது வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கேட்க வேண்டியவன் மட்டும் அசையவில்லை.

கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தில் மூன்று கவுண்டர்கள். முதலாவது மாணவர்களுக்கு. இரண்டாவது வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு. மூன்றாவது அவளுடையது... ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு. முதல் கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டும். அவளிடம் ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

அவனோ, வெளியே கொட்டுகிற மழையிலும் பளபளக்கும் ஷூ. கம்பி வைத்துத் தைத்தது போல நிமிர்ந்த முதுகு. பட்டாளத்து ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பிறகு ஏன் பொடியன்களோடு போய் நிற்கிறான்?

அப்போது திரும்பினான். அம்மாடி... அந்தக் கண்கள்! சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிற கண்கள்.

"நான் அந்த லைனுக்கு உரிய ஆள் இல்லீங்க."

பொய் என்று அவள் மனசு சொன்னது.

மறுநாளும் வந்தான். வருமானச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த நாள் போட்டோ இல்லை. யார் இவன்? என்ன படிக்கப் போகிறான்? அவளுக்கு மண்டையைக் குடைந்தது.

"என்னடி, கண்ணு அந்தப் பக்கமே இருக்கு?" இரண்டாவது கவுண்டர் அக்கா கேட்டாள்.

"வேலை இல்லையேக்கா... வேடிக்கை பாக்குறேன்."

"வேடிக்கையா? நடத்து, நடத்து."

வெள்ளிக்கிழமை மாலை அவன் மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றான். அவள் குடையோடு நேரே போய் எதிரில் நின்றாள்.

"பட்டாளம்தானே நீங்க?"

"சமையக்காரன்ங்க."

"எங்க?"

"பட்டாளத்துலதான்." கண்கள் ஒருவழியாகச் சிரித்தே விட்டன. "துப்பாக்கியைப் பிடிச்சதை விட கரண்டியைப் பிடிச்சதுதான் ஜாஸ்தி."

"அதனால?"

சிரிப்பு அணைந்தது. "என் கூட்டாளிக்கு ஒரு கால் போச்சு. அவனுக்குக் குடுக்கிற காசை நானும் கை நீட்டி வாங்கணுமா? உணவியல் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை... ஆனா அந்தக் காசுல வேண்டாம்."

"மாணவர் உதவி பாதிக் கட்டணத்துக்குத்தான் வரும். திங்கட்கிழமை கடைசி நாள். மீதியைக் கட்டலேன்னா சீட்டு போயிடும்."

"போனா போகட்டும்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "உங்க கூட்டாளி பட்டினியோடவா சண்டைக்குப் போனாரு? சமையக்காரருக்குக் கிடையாதுன்னு எங்கயாவது சொல்லியிருக்கா? வீம்பு சார் உங்களுக்கு!"

"சரிங்க மேடம். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "முதல் வருஷத்தோட நின்னுட்டேன். பரீட்சையில ஃபெயில்."

"இங்க வேலை பாக்குறவங்களுக்கும் உதவி உண்டுன்னு உங்க தலைக்கு மேலயே போஸ்டர் தொங்குதே?"

"நாமளே கட்டிப் படிச்சு, பாஸானாத்தான் பணம் திரும்பி வரும். மறுபடி ஃபெயிலானா... ஆபீஸ் பூரா தெரிஞ்சிடும். எங்கப்பா வேற, உனக்குப் படிப்பு ஏறாதும்மா, விட்டுடுன்னு..."

"ஓ... இதுக்குப் பேர் மட்டும் வீம்பு இல்லையாக்கும்?"

அவன் மழையில் இறங்கி நடந்துவிட்டான்.

இரண்டு நாளும் அந்தக் கேள்விதான். ஊருக்கெல்லாம் படிங்க படிங்க என்று சொல்கிற வாய், தனக்கென்றால் ஏன் ஒட்டிக்கொள்கிறது? கோபமாக இருந்தது. அவன் மேல் இல்லை என்பதுதான் இன்னும் கோபம்.

திங்கட்கிழமை மத்தியானம் வரை அவன் வரவில்லை. அவள் வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்தாள். போஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று எழுந்து, சுற்றிக்கொண்டு வெளியே வந்து, இரண்டாவது கவுண்டர் வரிசையின் கடைசியில் நின்றாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, டீ குடிக்கப் போறியா?"

"இல்லக்கா... படிக்கப் போறேன்."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வரிசையை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் அவன் வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நேரே மூன்றாவது கவுண்டருக்கு. அங்கே வெறும் நாற்காலி. திருதிருவென்று விழித்தான்.

"இங்க இருந்தவங்க எங்கங்க?"

"அவங்க ஸ்டூடண்ட் ஆகப் போயிட்டாங்க சார்!"

அவள் குரல் வந்த திசையில் திரும்பினான். அவள் நிற்கும் வரிசையைப் பார்த்தான். முகம் மலர்ந்துபோயிற்று. அருகில் வந்தான்.

"கூட்டாளியைப் போய்ப் பார்த்தேங்க. கன்னாபின்னான்னு திட்டினான். உன் சோத்தைத் தின்னுட்டுத்தான்டா நான் தெம்பா நின்னேன், போய் வாங்குடான்னான்."

"நான் சொன்னா மட்டும் ஏறாது!"

"ஏறிச்சுங்க. அதான் அவன்கிட்ட போனேன்." தயங்கினான். "அந்த லைன்ல நின்னதுக்கு ஒரு காரணம் சொன்னேன். இன்னொண்ணு சொல்லல."

"என்ன அது?"

"உங்ககிட்ட வந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். அந்த லைன் நீளம்... உங்களைப் பார்த்துக்கிட்டே நிக்கலாம்."

அவள் காது வரை சிவந்தாள். "அப்போ போட்டோ... சான்று...?"

"சான்றை நிஜமாவே மறந்துட்டேன். போட்டோ பையிலதான் இருந்துச்சு."

"ஃபிராடு!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எனக்கும்தான்... உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாள்லேர்ந்து."

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் கவலைப்படவில்லை.

"போய் உக்காருங்க. எனக்கு முன்னாடி ரெண்டு பேர்தான். முடிச்சிட்டு வந்து உங்களுதை எழுதுறேன்."

"மெதுவா வாங்க," என்றான் அவன். "லைன்ல நிக்கிறது எனக்கு ரொம்பப் பிடிக்கும்."