பத்தாயிரம் ஓம்

"முப்பதாயிரம் ஓம். பொருத்தமில்லை" என்றது இசைவுமானி. குரல் இனிமையாக இருந்தது. இனிமையாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தவன் திருமாறன். இசைவுமானியைக் கண்டுபிடித்தவனும் அவனேதான். அவன் கையைப் பிடித்து நின்ற மகிழினிக்குச் சிரிப்பு வந்தது.

"தம்பி, நீங்க பெத்த பிள்ளையே உங்களுக்குப் பொண்ணு தர மாட்டேங்குதே" என்றார் திருமணப் பதிவாளர் குணவதி.

பத்தாயிரம் ஓமைத் தாண்டினால் நாட்டில் யாருக்கும் கல்யாணம் கிடையாது. கணக்கு சுலபம். இருவரும் கைகோர்த்து, மறு கையால் ஆளுக்கொரு செப்புப் பிடியைப் பற்ற வேண்டும். பிடிகளுக்கிடையே ஆறு வோல்ட். இரண்டு உடம்பிலும் ஓடும் மின்னோட்டத்தால் அந்த ஆறை வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன். காதலித்தால் உள்ளங்கை வியர்க்கும், வியர்வை உப்புத்தண்ணீர், எனவே தடை குறையும் என்பது திருமாறனின் ஆய்வு. முதலாண்டு மாணவர்களை வைத்துச் செய்தது. அந்த வயதில் எதற்குத்தான் வியர்க்காது என்று ஆய்வுக்குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

திரையில் மின்னோட்டம் 0.2 மில்லி ஆம்பியர், திறன் 1.2 மில்லிவாட். ஓர் எறும்பு குளிர்காயக்கூடப் போதாத காதல்.

"குழாய்ல கையை நனைச்சுட்டு வரட்டுமா?"

"அது மோசடி, மகி."

"சும்மா சொன்னேன்ப்பா." அவள் குரல் தணிந்தது. "வீட்டுல அப்பா செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை நனைஞ்சிடும். உன் கையப் பிடிச்சா மட்டுந்தான் எல்லாம் அடங்கிடும். அதான் காஞ்சிருக்கு."

அவள் அவனிடம் சொன்னதிலேயே பெரிய விஷயம் அது. பிடியில் தூசி இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தபடி அவன் கேட்டுக்கொண்டான்.

"அப்ப என்னைப் பார்த்தா உனக்கு ஒண்ணுமே ஆகல."

"அப்படியா சொன்னேன்?"

"மெஷின் சொல்லுது."

"நான் சொல்றது?"

"நீ சொல்றதுக்கு அலகு கிடையாது."

மறுபடி பிடித்தார்கள். முப்பத்திரண்டாயிரம். பின்னால் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். திருமாறனின் காது சிவந்தது.

"யாருடி அவன்?"

"எவன்?"

"உனக்கு வேர்க்க வைக்கிறவன்! சொல்லு!" அவள் விரல்களை நெரித்தான். "பிடியை விடாத. சொல்லிட்டுப் போ!"

அந்தக் குரலை அவள் அறிவாள். அதிலிருந்து தப்பித்துத்தான் இவனிடம் வந்திருந்தாள். 

"நாலாயிரம் ஓம். பொருத்தம். வாழ்த்துகள்."

வரிசை கைதட்டியது. திருமாறன் திரையையே பார்த்தான். "ஒன்றரை மில்லி ஆம்பியர்! ஒன்பது மில்லிவாட் மகி, ஒன்பது! நான் சொல்லல? உள்ளே இருந்திருக்கு பாரு!"

"கையெழுத்துப் போடும்மா" என்று குணவதி பேனாவை நீட்டினார்.

மகிழினி கையை உருவிக்கொண்டாள். உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தாள்.

"இனிமே எப்பப் பிடிச்சாலும் பொருத்தம்தான் வரும், மாறா" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

அவன் இன்னும் தன் பிடியை விடவில்லை. இன்னொன்று ஈரத்தோடு தொங்கியது. மின்னோட்டம் பூஜ்யம். ஆறைப் பூஜ்யத்தால் வகுக்கத் தெரியாமல் இசைவுமானி, "தயவுசெய்து கைகோர்க்கவும்" என்றது, இனிமையாக.