சுவரோர இடம்

வலது தோள்பட்டை வலியில்தான் அமிர்தலிங்கம் கண் விழித்தான். சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்தவனுக்கு வருகிற வலி. தோளில் தொடங்கி, விலா எலும்பை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இறங்கி, இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவன் படுத்திருந்ததோ கயிற்றுக் கட்டிலில். சாவித்திரி பிரசவத்துக்குத் தாய்வீடு போனதிலிருந்து வார்டர் குடியிருப்பின் அந்த அகலக் கட்டிலில் அவன் ஒருவன்தான். கை காலை எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம். நீட்டவில்லை. முழங்காலை மடக்கி, கைகளை மார்போடு சேர்த்து, இல்லாத நெரிசலுக்குள் திணித்து வைத்தவன் மாதிரி ஒருக்களித்துக் கிடந்தான்.

மூக்கும் நெற்றியும் சுவரில் ஒட்டியிருந்தன. தலையை இழுத்ததும் சுண்ணாம்பு உதிர்ந்து இமையில் விழுந்தது. நேற்று படுக்கும்போது கட்டில் அறையின் நடுவில் இருந்தது. அவனேதான் இழுத்துப் போட்டான். முந்தாநாளும் அப்படித்தான்.

ஐப்பசி மழை ஓட்டில் சளசளத்துக்கொண்டிருந்தது. பூட்டிய அறைக்குள் ஈர வைக்கோல் வாசனை. அதற்கு அடியில், குளிக்காத ஆம்பிளைகள் பலபேர் ஒன்றாகப் படுத்து எழுந்த இடத்தின் புளித்த வாடை. வீட்டில் ஒரு பிரி வைக்கோல்கூடக் கிடையாது.

அவனை எழுப்பியது வலி மட்டும் இல்லை. தூக்கத்தில் யாரோ ஒரு சொல் சொன்னார்கள். உடம்பு அதைக் கேட்டுத் திரும்பியது. என்ன சொல் என்று அவனுக்குத் தெரியும். அதை நினைக்காமல் எழுந்து சட்டையைத் தேடினான்.

சட்டைக்கு முன்னால் சைக்கிள் டியூப். சாராயம் நிரப்பி இரண்டு முனையையும் கட்டி இடுப்பைச் சுற்றிக்கொண்டு, மேலே காக்கியைப் போட்டு பெல்ட்டை இறுக்கினால், பார்க்கிறவனுக்கு வெறும் தொப்பை. பீடிக்கட்டும் கஞ்சாப் பொட்டலமும் சமையல்கட்டுக்குப் போகிற பரங்கிக்காய்க்குள் போகும். வாசல் பாராக்காரனுக்கு ஒரு பங்கு, பெரிய வார்டருக்கு ஒரு பங்கு. மெட்ராஸில் ஆட்சி மாறிற்று, கடைத்தெருவில் கொடி மாறிற்று. அந்தக் கிளைச் சிறையின் பின்கதவு மட்டும் எப்போதும்போலத் திறந்து மூடியது.

உள்ளே வியாபாரம் நாகநாதனுடையது. சாராய வழக்கில் வந்தவன், நாலு அடியாட்களை வைத்துக்கொண்டு கைதிகளை அடைக்கிற பெரிய கொட்டடியை ஆண்டான். பீடியைவிட, கஞ்சாவைவிட அவனுக்கு லாபம் கொடுத்த சரக்கு ஒன்று இருந்தது. படுக்க இடம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுக் குறுவை அறுப்பை நிறுத்திய ஆட்களை, மிராசுதார்கள் கைகாட்டக் கைகாட்ட, போலீஸ் லாரியில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. கம்பியோரம் காற்று வரும். அந்த இடம் காசுள்ளவனுக்கு. இல்லாதவன் மூத்திரச் சட்டிப் பக்கம் குந்திக்கொண்டே விடிய வேண்டியதுதான்.

முருகையன் வந்து அதைக் கெடுத்தான்.

அறுப்பு வரிசையில் அவன்தான் முதல் ஆள். அவன் குரலுக்கு வரிசை குனியும், நிமிரும், கரையேறும். அந்தப் பழக்கத்தைக் கொட்டடிக்குள் கொண்டுவந்தான். எல்லாரும் ஒருக்களித்து, ஒருவன் முழங்கால் மடிப்புக்குள் அடுத்தவன் முழங்கால் பொருந்த, கதிர்க்கட்டு அடுக்கினமாதிரி படுத்தார்கள். ஒரு பக்கம் மரத்துப்போகிற நேரம் பார்த்து முருகையன் குரல் கொடுப்பான்: "திரும்பே...ய்!" தூக்கம் கலையாமல் மொத்த வரிசையும் ஒரே புரட்டாகப் புரளும். குரல் வராமல் யாரும் அசையக் கூடாது. ஒருத்தன் தன்னிஷ்டத்துக்குத் திரும்பினால் பக்கத்தில் இருப்பவன் நசுங்குவான். யாரும் அசையவில்லை. எல்லாருக்கும் இடம் கிடைத்தது, காசில்லாமல். ஈரம் கசிகிற சுவரோர இடம், யாருக்கும் வேண்டாத இடம். அதை முருகையன் எடுத்துக்கொண்டான்.

நாகநாதனிடம் இடம் வாங்க ஆளில்லாமல் போயிற்று. அமிர்தலிங்கத்துக்கும் பங்கு நின்றது. முருகையன் வெளியே வந்தால் சம்பா அறுப்பும் நடக்காது என்று ஒரு மிராசுதார் வீட்டிலிருந்து ஆள் வந்து அமிர்தலிங்கத்திடம் சொல்லிவிட்டுப் போனது அந்த வாரம்தான். அமாவாசைக்கு மறுநாள் காலையில் முருகையன் சுவரோரம் விறைத்துக் கிடந்தான். டாக்டர் வந்து மாரடைப்பு என்று எழுதினார்.

"அண்ணே, என்னய வேற கொட்டடிக்கு மாத்திவிடுங்க."

அன்று காலை நாகநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டியூபை நீட்டியும் வாங்கவில்லை.

"எங்கடா மாத்துறது? எல்லாம் புளிமூட்டையாத்தான் கெடக்கு. மாமியா வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளயா நீ, ரூம் மாத்திக் குடுக்க?"

நாகநாதன் சிரிக்கவில்லை. "நான் கதவோரமாத்தான் படுக்குறேன். நம்ம பயலுவளக் குறுக்கால போட்டுட்டுத்தான் படுக்குறேன். முழிச்சா நடுவுல கெடக்கேன். நேத்து முழிச்சப்ப, எனக்கும் சொவத்துக்கும் நடுவுல வேம்பு ஒருத்தன்தான் இருந்தான்."

"தூக்கிப் போடுறானுவளா?"

"இல்லண்ணே. திரும்புறானுவ. நானுந்தான் திரும்புறேன்."

"குரல் குடுக்குறது யாரு?"

பதில் சொல்ல வாயெடுத்த நாகநாதன், அமிர்தலிங்கத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஒங்க நெத்தியில என்னண்ணே, சுண்ணாம்பு?"

அமிர்தலிங்கம் புறங்கையால் துடைத்தான். துடைத்த வேகத்தில் தொப்பி விழுந்தது. கோபம் வந்தது, வேம்புவைக் கூப்பிட்டான். முருகையனோடு அறுப்புக்குப் போன ஆள் வேம்பு, ஒட்டிய கன்னம், நிதானமான பேச்சு.

"ஏன்டா, நிக்க எடமில்லாம சாவுறீங்க. சொவரோரம் ஓராள் எடம் சும்மா கெடக்கு. எவனும் படுக்க மாட்டீங்களோ? என்ன பூச்சாண்டி காட்டுறீங்க?"

"சும்மா இல்லீங்கய்யா," என்றான் வேம்பு. மரியாதையாகத்தான் சொன்னான்.

மத்தியானம் மழை விட்டது. கைதிகளை வீட்டார் வந்து பார்க்கிற நாள். வாசல் கூட்டத்தில் தூக்குவாளியோடு ஒரு பெண் தனியாக நின்றாள். முருகையன் மனைவி அம்சம்.

"ஏம்மா, ஒம் புருசன் இல்லன்னு தெரியும்ல? சோத்தத் தூக்கிக்கிட்டு யாரப் பாக்க வந்த?"

"ஒங்களத்தாங்க."

"எங்கிட்ட ஒன்னுமில்ல. தாசில்தாரப் பாரு. கலெக்டர்ட்ட மனு குடு."

"அங்க கேக்குறது வேறங்க. சங்கத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒங்ககிட்ட ஒன்னே ஒன்னு." அவள் குரலை உயர்த்தவில்லை. "அவரு போன அன்னிக்கி ராத்திரி நீங்கதான் பாரா. லாந்தர் வெளிச்சம் கம்பிக்கு வெளியில நின்னுச்சாம், நகரலையாம். அரத் தூக்கத்துல பாத்ததா வேம்பண்ணன் சொன்னாரு. அவரு ஒங்களப் பாத்தாருங்களா?"

"நான் எதயும் பாக்கல. இருட்டு."

"நீங்க பாத்தீங்களான்னு கேக்கலீங்க. அவரு பாத்தாரான்னு கேட்டேன்."

அம்சம் அவன் முகத்தில் பதிலைப் படித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"அது போதுங்க. பாத்த மொகத்த அவரு மறக்க மாட்டாரு."

எதிரே மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். தூக்கைத் திறந்தாள். அவனைப் பார்த்தபடி தானே பிசைந்து தானே சாப்பிட்டாள். அவசரமில்லாமல், வயலிலிருந்து கரையேறியவள் சாப்பிடுவதைப்போல, தூக்கின் அடியை வழித்து. கை கழுவிக்கொண்டு போகிறபோது வாசலைத் தாண்டிச் சொல்லிக்கொண்டு போனாள்: "அவரு போனதுக்கப்புறம் இன்னிக்கித்தான் சோறு எறங்குது."

மறுநாள் காலை கொட்டடியைத் திறந்தபோது நாகநாதன் சுவரோரம் கிடந்தான்.

அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அத்தனை சிறிய இடத்துக்குள் போனது என்று தெரியவில்லை. புரட்டிப் போட்டார்கள். மூக்கு முகத்தோடு சமமாக இருந்தது. நகக்கண் எல்லாம் சுண்ணாம்பு. சுவரில் அவன் பிறாண்டிய கோடுகள் மேலிருந்து கீழே இறங்கி, பாதியில் நின்றிருந்தன.

"எவன்டா செஞ்சது?"

நாகநாதனின் அடியாள் ஒருவன்தான் சொன்னான்: "யாருமில்லீங்க. திரும்பினோம். மறுபடி குரல் வரல."

அதே டாக்டர் வந்தார். அதையே எழுதினார். பிணத்தின் கால் பக்கத்தைத் தூக்கிய அமிர்தலிங்கத்துக்கு வலது தோள் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. சுவரோர இடம் மறுபடி காலி. அடுத்து அந்த இடம் யாருக்கு என்று அவன் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை.

அமாவாசை ராத்திரி முருகையனுக்கு நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நாகநாதனும் அடியாட்களும் முருகையனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துப் படுத்தார்கள். முருகையன் குரல் கொடுத்தான். வரிசை சுவரைப் பார்த்துத் திரும்பியது. திரும்பியதும் நாகநாதன் கை முருகையன் வாயை மூடியது, அடியாட்கள் நெம்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் மொத்த வரிசையும் தூக்கத்தில் சாய்ந்து கிடந்தது, அடுத்த குரலுக்காக. குரல் கொடுக்கிறவனே அடியில் கிடக்கிறான் என்பது தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. அசையக் கூடாது என்று அவர்களைப் பழக்கியவன் அவன்தான்.

லாந்தரோடு அமிர்தலிங்கம் கம்பிக்கு வெளியே நின்றான். நாகநாதன் கைக்கு மேலே முருகையனின் ஒரு கண் தெரிந்தது. அது கெஞ்சவில்லை. கேட்டது. ஒரு சொல். எவன் சொன்னாலும் வரிசை திரும்பும்; தூக்கத்துக்குக் குரல் அடையாளம் தெரியாது. சொல் நாக்கு நுனிவரை வந்தது. அமிர்தலிங்கம் வாயை மூடிக்கொண்டான். அந்தக் கண் மங்குகிறவரை மூடியே வைத்திருந்தான்.

நாகநாதன் பிணத்தைத் தூக்கிய நாள் அந்தியில் அவன் குடியிருப்புக்குப் போகவில்லை. அந்தக் கட்டிலுக்கு, அந்தச் சுவருக்கு எப்படிப் போவது? கைதிகளை அடைத்துப் பூட்டியதும் வானம் கறுத்துக் கொட்டியது. கரண்டு போயிற்று. மற்ற வார்டர்கள் வாசல் அறையில் ஒதுங்கிக்கொண்டார்கள். சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கொடுக்காத சொல்தானே? கொடுத்துவிட்டால் தீர்ந்தது. லாந்தரை ஏற்றிக்கொண்டு நடைவழியில் இறங்கினான். ஓட்டு இடுக்கில் ஒழுகுகிற தண்ணீர், எதிர்ச் சுவரில் ஊறிப் பொருமிய சுண்ணாம்பு, எங்கேயோ அடைபட்ட சாக்கடையின் நாற்றம், எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஈர வைக்கோல் வாசனை. முன்னால் போகப் போக அது முன்னாலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

கொட்டடி முன் நின்றான். வரிசை ஒருக்களித்துக் கிடந்தது. வெளிச்சம் முதுகுகளில் விழுந்தது.

தொண்டையைச் செருமினான். சொன்னான்.

"திரும்பேய்."

ஒருவரும் அசையவில்லை.

லாந்தரை உயர்த்தினான். முதுகுகளுக்கு மேலே தலைகள் அவன் பக்கம் இருந்தன. எல்லாக் கண்ணும் திறந்திருந்தது.

"டேய்... சொல்றேன்ல. திரும்புங்கடா."

"அது தூங்குறவனுக்குச் சொல்ற சொல்லுங்க," என்றான் வேம்பு. "இங்க யாரும் தூங்கலீங்கய்யா."

மழைச் சத்தம் நின்றமாதிரி இருந்தது. நிற்கவில்லை. அதற்குள் வேறொரு சத்தம் வந்திருந்தது. மூச்சு. பல பேருடையது. நடைவழியில்.

பிடரிக்குப் பின்னால், நீட்டி முழக்காமல், வயலில் கூப்பிடுகிற சாதாரணக் குரல்:

"திரும்பேய்."

உடம்பு கேட்டது. அவன் கேட்கவில்லை. உடம்பு கேட்டது. எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிற்று. லாந்தர் கைநழுவித் தரையில் நின்றது. அணையவில்லை.

நெற்றி சுவரில். பிறகு மூக்கு. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினான். கன்னம் ஒட்டிக்கொண்டது. முதுகில் ஒரு மார்பு வந்து பொருந்தியது. முழங்கால் மடிப்பில் ஒரு முழங்கால். சூடாக. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால். அதன் பின்னால். கண்ணோரத்தில் நடைவழி தெரிந்தது. காலியாக இருந்தது.

விலா நெரிந்தது. மூச்சை விட்டான். இழுக்க இடமில்லை.

கொட்டடிக்குள் ஆட்கள் எழுந்தார்கள். கம்பியோரம் வந்து நின்றார்கள். யாருமே இல்லாத நடைவழியில், சுவரோடு ஒட்டி நிற்கிற ஒரு வார்டர். அவன் காக்கிச் சட்டையின் முதுகில் உள்ளங்கைகள் பதிந்தன. முழங்கைகள் குழித்தன. துணி சுருங்கிற்று, நெளிந்தது, உள்ளே போனது.

"வேம்..."

உதட்டில் சுண்ணாம்பு.

வேம்பு லாந்தர் வெளிச்சத்தில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியது ஒரே சொல்தான். உதட்டை இறுக மூடிக்கொண்டான். பக்கத்திலிருந்தவனும். அதற்கடுத்தவனும்.

எலும்பு ஒன்று, பச்சை மூங்கிலைப்போல, முறிந்தது. கம்பிக்குள் நின்ற ஒரு முகமும் திரும்பவில்லை.

உயிர் இருக்கும்போது முருகையனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய அந்த ஒரு சொல்லை அமிர்தலிங்கம் கொடுக்கவில்லை. அது இன்னும் பாக்கி.