புழு கட்டிய கண்ணாடி வீடு

ஓடையில் ஒரு பிணம்!

கவிழ்ந்து கிடந்தது. பின்மண்டை பிளந்திருந்தது.

கூட வேலை பார்த்த புகழேந்திதான் என்று அடையாளம் காட்டியவள் அஸ்ஃபியா. மரம் வெட்டும் முருகையன்தான் அவனை மிரட்டிக்கொண்டிருந்தான் என்று வாக்குமூலம் கொடுத்தவளும் அவளேதான். முருகையன் உள்ளே போய்விட்டான்.

'நான் செய்யல தாயி' என்று அவன் அழுதது... அதிலிருந்து பாவி மகள் அஸ்ஃபியாவுக்குத் தூக்கமே இல்லை. தன் வாயால் ஒரு நிரபராதி உள்ளே போய்விட்டானோ? தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே காதுக்குள் புகழேந்தி பேசினான்.

"கல்லைத் திருப்பி வெச்சுடு அஸ்ஃபியா. அதுங்க வீடு அது."

அவர்கள் வேலை அப்படி. திண்டிவனம் பக்கத்துத் தைலமரக் காட்டு ஓடையில் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை எண்ணுவது. ஓடையின் மேல்பக்கம், மரம் நிற்கும் இடத்தில், தெளிந்த தண்ணீரில் வகைவகையாய் இருக்கும். கரைவரை மரத்தை மொட்டையடித்த இடத்தில், சேற்றில் சிவப்புப் புழு மட்டும். எண்ணி முடித்ததும் கல்லை அதே குழியில், அதே பக்கம் கீழாக வைத்துவிட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் காந்திமதி மறுபடி ஓடைக்கு வந்திருந்தாள். அடித்த ஆயுதம் இன்னும் கிடைக்கவில்லை. கூடவே பூச்சி எண்ணும் குழுவின் தலைவர் டாக்டர் நெடுஞ்செழியன்.

முருகையன் எங்கேயாவது வீசியிருப்பான் என்றார் அவர். கொலை நடந்த அன்று தான் விழுப்புரத்தில் இருந்ததாகவும் சொன்னார்.

அஸ்ஃபியாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பிணம் கிடந்த சேற்றுக்கு மேல்பக்கம், தெளிந்த இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினாள்.

குனிந்து பார்த்தாள்.

மணலை ஒட்டி ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் புழு ஒன்று. அதன் வீடு... பளபளத்தது!

மணலோடு கண்ணாடிச் சில்லு. குழியில் நசுங்கிய கறுப்பு ஃபிரேம்.

புகழேந்தியின் மூக்குக் கண்ணாடி!

"மேடம்... அடிச்ச கல்லு இதான். இங்க அடிச்சிட்டு, கீழ இழுத்துக்கினு போய்ப் போட்டிருக்காங்க. கண்ணாடி குழியில விழுந்தது தெரியாம, மேலயே கல்லைத் திருப்பி வெச்சிருக்காங்க. முருகையன்னா வீசிட்டுப் போயிருப்பான். இது... எங்க பழக்கம்."

"எங்க பழக்கம்னா யாரோடது?"

மூன்றே பேர். ஒருவன் செத்துவிட்டான். அவள் அன்று கோட்டக்குப்பத்தில் அக்கா நிக்காஹ்வில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள். ஊரே சாட்சி.

மூன்றாவது ஆள்... மரம் வெட்டினால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்ட நெடுஞ்செழியன்! புகழேந்தி எண்ணிய பூச்சிகள் அந்தக் கையெழுத்தைப் பொய்யாக்கியிருக்கும்.

அஸ்ஃபியா கல்லைத் தண்ணீரில் மல்லாத்திப் போட்டாள். வேண்டுமென்றேதான். புழு வெயிலில் நெளிந்தது.

நெடுஞ்செழியனின் கை தானாக நீண்டது. கல்லைப் புரட்டி, பதமாகக் குழியில் பொருத்தியது.

பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான்... கை கேக்கல," என்று முனகினார்.

அஸ்ஃபியா அப்படியே உட்கார்ந்து அழுதாள். காதுக்குள் இப்போது ஓடை மட்டும் ஓடியது.

காந்திமதி விலங்கை எடுத்தாள்.

"புழு வீட்டைப் பத்திரமா வெச்சீங்க சார். வாங்க, உங்களுக்கும் ஒரு வீடு இருக்கு... கம்பி போட்டது!"