இரண்டாவது சாவி

கும்மிடிப்பூண்டியில் மழை விழும்போதே கறுப்பாகத்தான் விழும். உருக்காலைப் புகைக்குள் நுழைந்து வருகிற மழை... வெள்ளைச் சுடிதார் போட்டவளால் அதை ரசிக்க முடியாது. விக்டோரியாவும் ரசிக்கவில்லை, ஸ்கூட்டியை விரட்டினாள். சிப்காட் சாலையின் பெரிய பள்ளங்களை எல்லாம் தாண்டிவிட்டு, ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரத்தை இறக்கினாள்.

சளார்!

ஓரமாக நடந்து போனவன் மேல் தலைமுதல் கால்வரை சேறு. ஆனால் அவன் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே இஸ்திரி போட்ட ஊதா நிறக் கவுன்... அதில் ஒரு துளி படவில்லை.

"சாரி..." என்றாள். எந்த ஆணிடமும் அந்த வார்த்தையோடு இனாமாக ஒட்டிக் கொடுக்கும் 'ண்ணா', அன்றைக்கு ஏனோ தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"பரவால்லம்மா. என்னைத் தொவைச்சிக்கலாம். கவுனு தப்பிச்சிச்சே, அது போதும்."

சேற்றுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் சிரித்தன. உலை வெக்கையில் சிவந்த கண்கள்... ஒரு நொடி அவள்மேல் நின்று, கூச்சப்பட்டு விலகின. பத்தடி போனதும் அவள் வண்டிக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வாங்குகிற உத்தேசமே இல்லாதவர்கள் கடையை அப்படித் திரும்பிப் பார்ப்பதில்லை.

மறுநாள் மாலை அந்தக் கவுன் அவள் வேலை பார்க்கும் குழந்தைகள் மையத்துக்கே நடந்து வந்தது, எட்டு வயது பூமிகாவின் மேல். ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் சோறு, பாடம், காய்ச்சலுக்கு மருந்து... எல்லாம் அந்த மையத்தில் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கோ வெளிநாட்டில் ஒரு புண்ணியவான். அவருக்கு வருஷம் ஒரு போட்டோவும் நன்றிக் கடிதமும் போகவேண்டும். அன்றைக்குப் போட்டோ நாள்.

வாசலில் குளித்துத் தலைவாரி நின்றான் லோகு. பூமிகாவின் தாய்மாமன்.

"மிஸ்ஸு நீங்கதானா? தெரிஞ்சிருந்தா சேத்தோடவே வந்திருப்பேனே... அடையாளம் தெரியணும்ல?"

"கொஞ்சம் இருங்க, வண்டி வாசல்லதான் நிக்குது. மறுபடி அடிச்சி உடறேன்."

சிரித்துக்கொண்டே எடுத்த படம். அழகாகத்தான் வந்தது. அதுதான் குற்றமாகிப் போனது.

ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'குழந்தை வசதியான வீட்டுப் பிள்ளை போலத் தெரிகிறாள். வீட்டு உடையில் மறுபடி எடுக்கவும்.' சரக்கு மட்டம் என்று திருப்பி அனுப்புவார்கள். நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியதை எந்தச் சந்தையிலும் பார்க்கமுடியாது. விக்டோரியா அந்தப் பதிலையும் போட்டோவையும் தூக்கிக்கொண்டு லோகுவின் ஒற்றை அறை வீட்டுக்குப் போனாள். சாதாரண உடையில் வரச் சொல்லிப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டியது அவள் வேலை. சேற்றுக்குள்ளிருந்து சிரித்த அந்தக் கண்களில் மறந்திருந்தாள்.

"வீட்டு ட்ரெஸ்ல இன்னொரு போட்டோங்க... அஞ்சு நிமிஷம்தான்."

"இதுக்கு இன்னா கொறைச்சல்?" அவன் போட்டோவிலிருந்த கவுனைத் தொட்டான். "எங்க அக்கா கல்யாணச் சீலைல தச்சது. கம்பெனி வேன்ல வேலைக்குப் போனவ, லாரி மோதி ரோட்லயே போய்ட்டா. இவங்கப்பன் ஆந்திராப் பக்கம் போனவன் போனவன்தான். அம்மா சீலைய ஒடம்புல சுத்திக்கினு நிக்குது புள்ள... இது ஊட்டு துணி இல்லாம இன்னா?"

"ரூல் அப்படி..."

"கிழிச்சி உடட்டுமா? மூக்குல கொஞ்சம் சளி வெச்சி உடட்டுமா? எவ்ளோ அசிங்கமா நின்னா சோறு போடுவீங்க, சொல்லு மிஸ்ஸு!"

பதில் இல்லாதவர்கள் பேசுகிற பேச்சை அவள் பேசினாள். "ரோஷம் பாத்தா புள்ள வயிறு ரொம்பாதுங்க."

"வெளிய போ."

அன்றோடு பூமிகா மையத்துக்கு வருவது நின்றது.

மூன்றாவது வாரம், இரண்டு நாளாக விடாத மழை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. மையத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த முத்தம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அந்த லோகு இன்னா மனுசனோ... ஷிப்ட்டுக்கு லேட்டாவுதுன்னு காத்தால ஆறு மணிக்கே புள்ளைய உள்ள வெச்சிப் பூட்டிக்கினு போய்ட்டான். தெருக்கோடி ஊடு அது, பள்ளம் வேற..."

விக்டோரியா குடைகூட எடுக்கவில்லை. ஓடினாள்.

தெருவில் முட்டிவரை தண்ணீர். கதவில் பூட்டு. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். தெருவைவிடப் பள்ளமான அறையில், மிதக்கும் பாத்திரங்களுக்கு நடுவே, மூழ்கிய கட்டிலின் மேல், இடுப்பளவு தண்ணீரில் பூமிகா. இரண்டு கைகளும் தலைக்கு மேலே... கையில் அந்த பிளாஸ்டிக் கவர்.

"மிஸ்... கவுனு நனையக்கூடாதுன்னு மாமா சொல்லிக்கீது. கை வலிக்குது மிஸ்..."

பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடந்த குழவிக் கல்லைத் தூக்கிப் பூட்டின்மேல் அடித்தாள். வழுக்கி விரல் நசுங்கியது. அடித்தாள். ஏழாவது அடியில் பூட்டு விட்டது.

லோகு ஆலை கேட்டில் வெளியே விடச் சொல்லிச் சண்டை போட்டு ஓடிவந்தபோது, உடைந்த பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மையத்துக்கு வந்தான். போர்வைக்குள் நடுங்கும் பிள்ளையைப் பார்த்தான். பாயோரம் தரையில் உட்கார்ந்தான்.

"போட்டோ எடுத்துக்க மிஸ்ஸு... எந்தத் துணில வேணாலும் எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்லல."

"முடியாதுங்க."

அவன் நிமிர்ந்தான்.

"நேத்தே பேரை எடுத்துட்டாங்க. அந்த எடத்துல வேற புள்ள." அவள் போர்வையை இழுத்துப் பூமிகாவின் கால்களை மூடினாள். "உங்களை வந்து கேட்டேன்ல, அதை ஆபீஸ்ல கேட்டிருக்கணும். இந்தப் போட்டோவுக்கு இன்னா கொறைச்சல்னு... கேக்கலை. வேலை போயிடும்னு பயம். லிஸ்ட்ல பேரு இல்லாட்டி போவட்டும். அவ வரட்டும்... என் சோத்துல சாப்பிடட்டும்."

அவன் ரோஷத்தை இறக்க, அவள் பயத்தை இறக்க... ரெண்டு பக்கமும் விலையைக் குறைத்துக்கொண்டே போகிற பேரத்தை யார் முடித்துவைப்பது? இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்தது. பூமிகாவின் காய்ச்சல் வடியவில்லை. மையத்துப் பாயில் படுத்திருந்தவளைப் பார்க்க வந்த லோகு, விக்டோரியாவின் கட்டுப்போட்ட விரலையே பார்த்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்தான்.

"புதுப் பூட்டு வாங்கினேன் மிஸ்ஸு. கடைக்காரன் ரெண்டு சாவி குடுத்தான்." ஒன்றை நீட்டினான்.

"புள்ளைய ஊட்ல கொண்டாந்து உடறதுக்கா?"

"அதுக்கும்தான்..."

"வேற எதுக்கு?"

"அன்னிக்கு சேறு அடிச்சிட்டு சாரி மட்டும் சொன்ன. அண்ணான்னு சொல்லல. அப்பவே மனசுல போட்டு வெச்சிக்கினேன்..." சிவந்த கண்கள் இம்முறை விலகவில்லை. "உன்னைப் புடிச்சிருக்கு. ஊட்ல ஒண்ணும் இல்ல. செவுத்துல இடுப்பு ஒசரத்துக்குத் தண்ணி நின்ன கோடு இருக்குது... அவ்ளோதான் இருக்குது."

விக்டோரியா சாவியை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள தாப்பா இருக்கா?"

"இருக்குது."

"அது போதும் லோகு," என்றாள். முதன்முறையாகப் பெயர் சொன்னாள். "நான் இருக்கற ஊட்டை வெளியேர்ந்து பூட்ட உட மாட்டேன்."