உறை ஊற்றியது யார்?

இந்தக் காலத்தில் யாரும் மனிதரை நம்புவதில்லை. பலகையை நம்புகிறார்கள். சுவரில் பச்சை எழுத்தில் எதையாவது எழுதி மாட்டிவிட்டால் போதும், உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அடுப்படியில் நிற்கிறவர் யார், எந்தக் கரண்டியை எதில் விட்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பலகையைப் படம் எடுக்கிறார்கள், தட்டைப் படம் எடுக்கிறார்கள், பிறகு ஆறிப்போனதைத் தின்கிறார்கள். கேட்டால், "அதான் போட்டிருக்கே" என்பார்கள். போட்டிருப்பதெல்லாம் உண்மை என்றால் ஊரில் போலீஸுக்கே வேலை இருக்காது.

அப்படி ஒரு பலகையை நம்பித்தான் கணக்கு வாத்தியார் ஒருவர் செத்துப்போனார்.

விஷயத்தை நிதானத்திடம் கொண்டுவந்தது ஒரு பெண். நிதானம் என்பது அவர் போலீஸில் இருந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பேர். திருடன் ஓடினாலும் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார் என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் பிடித்துவிடுவார். ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டில் இருக்கிறார். மருமகன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். மாமனாரிடம் வழக்கு என்று யாராவது வந்தால் அன்றைக்கு அவருக்குச் சவாரி ஓடாது. ஓட்டுகிற சாக்கில் கூடவே ஒட்டிக்கொள்வார்.

வந்த பெண் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பெரிய வீகன் உணவகம் ஒன்றில் அவள் தம்பி சமையல்காரன். மாமிசம், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், வெண்ணெய், தேன்கூட அந்த வாசலைத் தாண்டாது என்று அங்கே பலகையே உண்டு. பிறந்ததிலிருந்து பால் ஒத்துக்கொள்ளாத கணக்கு வாத்தியார் ஒருவர் தினமும் மதியம் அங்கேதான் சாப்பிடுவார். துளிப் பால் பட்டாலும் அவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அன்றைக்குச் சாப்பாட்டோடு வழக்கம்போல ஒரு கிண்ணம் முந்திரித் தயிர் வாங்கினார். நாலைந்து வாய் தின்றிருப்பார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. சோதித்ததில் தயிரில் பசும்பால் இருந்தது. தம்பியின் பையில் காலியான பால்தயிர் டப்பா ஒன்று கிடைத்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"லீவு கேட்டுக் கொடுக்கலைன்னு, இந்தக் கடை பேரை ஒருநாள் நாறடிக்கிறேன்னு கத்தியிருக்கான் ஐயா. வாய்க்கொழுப்பு. அதை எல்லாரும் கேட்டிருக்காங்க. கொலைக் கேஸ் போடப்போறாங்களாம். அவன் புள்ளை என்கிட்ட இருக்கு. அப்பா எப்ப வருவாருன்னு கேக்குது, நான் என்ன சொல்ல?"

நிதானம் ஒரே கேள்விதான் கேட்டார். "உன் தம்பி அந்த முந்திரித் தயிரைத் திம்பானா?"

"வாயில வைக்க மாட்டான். சுண்ணாம்பு மாதிரி இருக்காம். அதனாலதான் மத்தியானத்துக்கு எங்க தெருக் கடையில நல்ல பால்தயிர் வாங்கிட்டுப் போவான்."

"நீ சொன்னதை நான் அப்படியே நம்பலைம்மா. நம்பாட்டியும் பார்க்கிறேன், போ."

அவள் போன பிறகு மருமகன் தலையை ஆட்டினார். சமையல்காரன்தான் செய்திருப்பான், டப்பாவே கிடைத்திருக்கிறதே என்றார். டப்பா கிடைத்தால் தயிர் தின்றான் என்று அர்த்தம், அதற்கு மேல் எதையும் டப்பா சொல்லாது என்றார் மாமனார்.

வழக்கைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் ஒருகாலத்தில் நிதானத்துக்குக் கீழே வேலை பழகியவர். உணவகத்தின் பூட்டைத் தானே வந்து திறந்துவிட்டார். கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் சலிப்பு.

சாப்பாட்டுக்கூடம் செடிகளும் மர மேசைகளுமாகக் குளுகுளுவென்று இருந்தது. மூலையில் ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன மேசை. வாத்தியாருடையது அதுதான். நாற்காலி இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. சமையலறை பளபளவென்று இருந்தது. சுவர் ஓரங்களில் மட்டும் பூச்சி மருந்தின் மஞ்சள் கறை. பின்பக்கச் சந்தில், கதவுக்கு வெளியே, ஆட்களின் பைகளை வைக்க ஒரு இரும்பு அலமாரி. வீட்டுச் சாப்பாட்டை யாரும் உள்ளே கொண்டுவரக் கூடாது. சந்தில் நின்றுதான் தின்ன வேண்டும். அது முதலாளியம்மாவின் சட்டம்.

பரிமாறும் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தார்கள். சின்ன வயது, அழுது அழுது குரல் கம்மியிருந்தது. வாத்தியார் செத்ததைச் சொன்னாள். முதலில் கழுத்தைத் தடவினாராம். பிறகு கீழே வைத்திருந்த பையைக் காட்டி ஊசி, ஊசி என்றாராம். இவள் பையைக் கொட்டித் தேடினாள். புத்தகங்களும் ஒரு குடையும்தான் இருந்தன. மூச்சு நிற்கப்போகும் போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது. கையை விரித்துக் காட்டினாராம், இல்லை என்று. எங்கே போனாலும் அந்த உயிர்காக்கும் ஊசி கூடவே இருக்கும். இந்தக் கடைக்கு வரும்போது மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். "இங்க எதுக்கும்மா அது" என்று அவளிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாத்தியார் சாவதற்கு முன்னால் கடை சில நாள் மூடியிருந்ததா என்று நிதானம் கேட்டார். அவர் பார்வை மஞ்சள் கறையில் இருந்தது.

ஆமாம், கரப்பான் பூச்சிக்கு மருந்து அடித்தார்கள் என்றாள் பெண். வெளியே 'அழகுபடுத்தும் பணி' என்று பலகை மாட்டினார்கள். குளிர்பெட்டியில் இருந்ததையெல்லாம் அவள்தான் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி எறிந்தாள். திறந்த அன்றைக்குத்தான் வாத்தியார் செத்தார்.

"தயிருக்கு உறை? அதையும் எறிஞ்சிட்டியா?"

"அது மேடம் கையில தாத்தா. கடை மூடுறப்பல்லாம் உறைக்கிண்ணத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, கைக்குழந்தையைத் தூக்குற மாதிரி. பதினோரு வருஷமா அதே உறைதானாம். எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாங்க."

அன்றைக்கு முதலில் வந்து கதவைத் திறந்தது யார் என்று கேட்டதற்கு முதலாளியம்மாதான் என்றாள். சாவி அவரிடம் மட்டும்தான். முந்தின நாள் சாயங்காலம் அவரே தனியாக வந்து கழுவித் துடைத்து, முந்திரியை அரைத்துத் தயிருக்கும் உறை ஊற்றிவிட்டுப் போயிருந்தார். காலையில் வந்ததும் இவள் தயிர்ச்சட்டியைப் படம் எடுத்தாள். கடையின் பேரில் இணையத்தில் தினமும் ஒரு படம் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் சமையல்காரன் வந்தான். போனில் படத்தைக் காட்டினாள். தயிர் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது, ஒரு கீறல் இல்லை.

நிதானம் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, சட்டியில் மிச்சம் இருந்த தயிர் எப்படி இருந்தது என்று கேட்டார். கட்டியாக, கரண்டியால் வெட்டி எடுத்த தடத்தோடு இருந்தது என்றார் இன்ஸ்பெக்டர். மேலே, நடுவில், அடியில் எங்கே எடுத்துப் பார்த்தாலும் ஒரே அளவில் கொஞ்சம் பால் கலந்திருக்கிறதாம். முந்திரி மூட்டையில் பால் இல்லை.

"அப்ப உன் ஆளு அவன் இல்லை," என்றார் நிதானம். அதற்கு மேல் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மருமகனைத் தனியே கூப்பிட்டு, முதலாளியம்மா குடியிருக்கும் தெருவுக்குப் போய்ப் பக்கத்துக் கடைகளில் பேச்சுக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

"என்னன்னு கேக்கணும் மாமா?"

"தயிர் யார் வாங்குறாங்கன்னு கேளுங்க, மாப்பிள்ளை. துப்பறியிறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மறுநாள் மதியம் எல்லோரும் அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணி, ஒட்ட வெட்டிய தலைமயிர், பேசினால் ஊரே கேட்கிற குரல். பக்கத்தில் அவர் கணவர், குனிந்த தலையோடு. அவருக்குக் கடையில் ஒரு வேலையும் கிடையாது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். சமையல்காரனின் அக்கா வாசல் ஓரம் நின்றாள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதானம் அவசரப்படாமல் ஆரம்பித்தார். சமையல்காரன் தன் மதியத் தயிரைச் சட்டியில் ஊற்றினான் என்பது போலீஸ் கணக்கு. அவன் வருவதற்கு முன்பே தயிர் உறைந்துவிட்டது, படம் இருக்கிறது. உறைந்த தயிரில் இன்னொரு தயிரை ஊற்றினால் மேலே நிற்கும். அடிவரைக்கும் ஒரே அளவாகப் போக வேண்டுமானால் கலக்க வேண்டும். கலக்கினால் கூழாகிவிடும். மிச்சம் இருந்ததோ கட்டித் தயிர். ஆகவே பால் உள்ளே போனது உறைவதற்கு முன்னால். அப்போது இங்கே இருந்தது ஒரே ஒருவர்.

"நான் பாலைத் தொட்டே பதினோரு வருஷம் ஆச்சு," என்றார் முதலாளியம்மா.

"சரிம்மா. முந்திரியில பால் இல்லை. சட்டியை நீங்களே கழுவினீங்க. மிச்சம் இருக்கிறது உறை ஒண்ணுதான். அது இத்தனை நாள் உங்க வீட்டுல இருந்துச்சு."

பிறகு மருமகன் தெரிந்துகொண்டு வந்ததை நிதானமே சொன்னார். வீட்டு எதிரே ஒரு கடை. கணவர் அடிக்கடி அங்கே வருவார். ஒரு டப்பா பால்தயிர் வாங்கி, நின்றபடியே வழித்துத் தின்றுவிட்டு, டப்பாவை அங்கேயே போட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கடைக்காரருக்கு அது ஒரு வேடிக்கை. ஒரே ஒரு தடவை மட்டும் டப்பாவைத் திறக்காமல் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். கடை திறப்பதற்கு முந்தின நாள்.

கணவர் மனைவியைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றார்.

"நான்தான். உறைக்கிண்ணத்துல இருந்ததை ஆசைக்கு நான் தின்னுட்டேன். இவ திட்டுவாளேன்னு பயந்து, கடைத்தயிர் ஒரு கரண்டி எடுத்து அதுல வச்சுட்டேன். இவளுக்குத் தெரியாது. ஒரு கரண்டியில உயிர் போகும்னு நான் நினைக்கலை."

மனப்பாடம் செய்த பாடம் மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற அக்கா சுவரில் சாய்ந்து, தம்பி எப்போது வருவான் என்று கேட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் விட ஏற்பாடு செய்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். பரிமாறும் பெண் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் குறிப்பெடுக்கத் தொடங்கினார். நிதானம் மட்டும் விடவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். உங்களுக்குப் பிடிச்சது பால்தயிர். எதிர்க்கடையில வேணும்கிறப்ப கிடைக்குது, போய்த் தின்னுட்டும் வர்றீங்க. பிறகு எதுக்கு ஆசைக்கு முந்திரி உறையைத் தின்னீங்க?"

கணவரின் கண் தானாக மனைவி பக்கம் போய்த் திரும்பியது.

நிதானம் முதலாளியம்மாவைப் பார்த்தார். "உறை கெட்டுப்போயிருந்தா கடை திறக்கிற அன்னிக்குத் தயிர் கிடையாது. பதினோரு வருஷ உறைன்னு சொன்ன பேச்சும் போயிடும். அதுக்காக ஒருத்தரைக் கடைக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு கரண்டிதானே, உறைஞ்சுட்டா தெரியவா போகுதுன்னு தோணியிருக்கலாம். முந்திரி உறைக்கும் பால்தயிருக்கும் வாடையே வேற. உறை ஊத்துறப்ப மோந்து பார்த்தீங்களாம்மா?"

"அவர்தான் சொல்லிட்டாரே," என்றார் முதலாளியம்மா. குரல் தெளிவாக இருந்தது.

"நான் உங்களைக் கேட்டேன்."

"எனக்கு ஜலதோஷம்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அண்ணே, ஒத்துக்கிட்டவர் முன்னால உக்காந்திருக்கார். கவனக்குறைவு, கொலை இல்லை. நீங்க சொல்றதுக்குச் சாட்சி யாரு? இவர்தான். இவர் வாயைத் திறப்பாருன்னு நினைக்கிறீங்களா?"

கணவர் மேசையில் விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். திறக்க மாட்டார் என்று நிதானத்துக்கும் தெரிந்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். மூலை மேசையின் பக்கம் போய், கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். பிறகு வெளியே நடந்தார்.

மருமகன் பின்னாலேயே ஓடிவந்தார். முகம் மலர்ந்திருந்தது. சமையல்காரன் வெளியே வருகிறான், குற்றவாளி ஒத்துக்கொண்டார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். காரை எடுத்து வரவா என்றும் கேட்டார்.

"நீங்க அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க. தம்பி வர்ற வரைக்கும் அங்கேயே இருங்க. பேப்பர்ல கையெழுத்தாச்சுன்னு சொன்னா நம்பாதீங்க, ஆளைக் கண்ணால பார்த்துட்டு வாங்க."

"சரி மாமா. ஆனா அவர் ஒத்துக்கிட்டாரே. நீங்க இன்னும் நம்பலையா?"

"ஜலதோஷக்காரங்க யாராவது அத்தனை நேரம் மூக்கை உறிஞ்சாம உக்காந்திருப்பாங்களா, மாப்பிள்ளை?"

மருமகன் அக்காவைக் கூப்பிட உள்ளே போனார். நிதானம் செருப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, மதிய வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.