ஏழு... ஏழு... எட்டு!

செல்போன் அலறியது.

பச்சின்கோ சூதாட்டக் கூடத்தின் இரைச்சலில் கனாகோவுக்கு அது காதில் விழவே இல்லை. மெஷினுக்குள் எஃகுக் கோலிகள் சலசலவென்று கொட்டின. திரையில் ஏழு... பக்கத்தில் இன்னொரு ஏழு... மூன்றாவதும் ஏழென்றால் பரிசு! அது சுழன்று, சுழன்று...

எட்டு!

"சே! மயிரிழையில போச்சு!"

அப்போதுதான் மடியில் மினுங்கிய போனைப் பார்த்து எடுத்தாள். கணவன் தெட்சுரோ.

"எங்க இருக்கே?"

"மீ... மீன் கடையில."

"நகோயாவுல மீனெல்லாம் மணி அடிக்குதா?"

கனாகோ போனைக் கையால் பொத்தினாள்.

இங்கே உட்கார்ந்து ஆட வேண்டியவன் அவன்!

நடுக்குவாதத்துக்கு அவள் அப்பா சாப்பிட்ட மாத்திரை, அவரைச் சூதாட்டப் பித்தராக்கியது. "மூளையில ஆசையைக் கிளப்பிவிடுற மருந்து. சிலருக்கு இப்படி ஆகும்" என்று டாக்டரே நிறுத்தினார். மிச்சத்தைக் கனாகோ பத்திரப்படுத்தினாள். தினமும் பொடித்து, தெட்சுரோவின் தேநீர்க் கிண்ணத்தில் கலந்தாள். வீட்டில் அவரவர் கிண்ணம் அவரவருக்கு... மாறவே மாறாது. அவன் சூதாடிக் கெட்டால் விவாகரத்து. வீடு அவளுக்கு!

அவன் ஆட வருகிறானா என்று வேவு பார்க்க வந்தவள், சும்மா இருக்காமல் ஒரு மெஷினின் கைப்பிடியைத் தொட்டாள். அதோடு சரி! தினமும் வருகிறாள்.

"நீ பொடி கலந்ததைப் பாத்துட்டேன், கனாகோ."

கனாகோ போனைக் காதோடு அழுத்தினாள்.

"அய்யோ! கிண்ணத்தை மாத்திட்டீங்களா? அதை எனக்கே குடுத்துட்டீங்களா? அதான் என்னால எழுந்திரிக்க முடியலையா?"

தெட்சுரோ சிரித்தான்.

"உன் கிண்ணத்தை நான் தொடக்கூட இல்ல. நீ குடிச்சது வெறும் டீ. என்னோடது போலீஸ்ல இருக்கு."

"பொய்! அப்புறம் ஏன் என் கை...?"

"'மயிரிழையில போச்சு'ன்னு தினமும் தூக்கத்துல புலம்புறியே, அதான்! தோத்தாலும், 'கிட்ட வந்துட்டோம்'னு மூளை குதிக்குமாம். டாக்டர்கிட்ட கேட்டேன். இந்தப் பித்துக்கு மாத்திரையே வேணாமாம்!"

போன் அடங்கியது.

மாத்திரை என்றால் நிறுத்திவிடலாம். இதை எப்படி நிறுத்துவது? கனாகோவுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது. கை மட்டும் கைப்பிடியை விடவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது!

இன்ஸ்பெக்டர் ஹிராபயாஷி. பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"எழுந்திரும்மா."

திரையில் ஏழு... ஏழு...

"ஒரே நிமிஷம் சார்! உங்க கால்ல விழறேன்!"

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார். "சார், மாட்டிடலாமா?"

இன்ஸ்பெக்டரின் கண் திரையை விட்டு நகரவில்லை.

"இருய்யா... மூணாவது விழட்டும்!"