பாதி வெளிச்சம்

நல்லாற்றூர் அரண்மனையில் காலை மணி அடித்ததும் வரிசை நகரத் தொடங்கியது. ஒரு காலத்தில் யானை நின்ற வாசலில் இப்போது ‘வாயிலி’ இருந்தது. கண்ணும் காதும் குரலும் உள்ள கதவு அது. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி, “வாருங்கள்” என்று உள்ளே விட்டது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர்களைப் போலப் போனார்கள்.

போகாமல் என்ன செய்வார்கள்? ஆயுளுக்கு ஒரு தடவைதானே! உள்ளே இருக்கும் பழைய ஓவியங்கள் வெளிச்சம் பட்டுப் பட்டே வெளுத்துப்போனவை. இனி அவை தாங்கக்கூடிய வெளிச்சம் இவ்வளவுதான் என்று அளந்து, ஆளுக்கு ஓர் ‘ஒளிப்பங்கு’ என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஓவியத்தின் முன் நின்றால் விளக்கு எரியும், கண்ணை எடுத்தால் அணையும். பங்கு தீர்ந்தால் அவ்வளவுதான். “கண்ணு பழகுறதுக்குள்ள அணைச்சுடுறாங்க” என்று ஊர் முழுக்க ஒரே முணுமுணுப்பு.

குயிலி தன் கணவர் செங்கதிரின் கையைப் பிடித்தபடி வரிசையில் நின்றாள். இப்போது பிடிக்க வேண்டிய அவசியமில்லை, பழக்கதோஷம். சிறுவயதிலேயே பார்வை போனவருக்குச் சென்ற சித்திரையில் பார்வை தரும் விழித்தகடு வைத்திருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் இருவரும் இங்கே வந்திருந்தார்கள். அவள் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். தர்பார் மண்டபத்து ராணி ஓவியத்தின் முன்னால், “சிரிக்கிறாங்க” என்று சொன்னாள். அந்தச் சிரிப்பை அவர் இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தார். கண் வந்ததும் வீட்டுச் சுவர்த்திரையில் ராணியைத்தான் முதலில் வரவழைத்தார். திரையில் ராணி வாய்கொள்ளாமல் சிரித்தாள். ஆனால் சுவர்த்திரையின் லட்சணம் ஊரறிந்தது. பார்க்கிறவர் மனசு எதைக் கேட்கிறதோ அதைத்தான் காட்டும். மறுநாள் அவர் சோர்ந்துபோய் உட்கார்ந்து பார்த்தபோது ராணியும் அழுதாள்.

“எல்லாம் நான் நெனைச்சதையே காட்டினா, எனக்குக் கண்ணு எதுக்கு குயிலி?” என்று அவர் அவளிடம் கேட்டார். நிஜ ராணியை அவருக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் ரஹீமா இளம்பெண், மரியாதை தெரிந்தவள். குயிலி சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். ஆனால் சட்டம் சட்டம்தான்.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா அன்னிக்கே ஐயா பங்கும் எரிஞ்சு தீந்திருக்கும்.”

“இவரு எங்கம்மா பாத்தாரு? நான்ல பாத்தேன்!”

“விளக்குக்கு அது தெரியாதேம்மா.”

“அந்தக் கதவுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாரேன். கேக்குறதுல என்ன கொறஞ்சு போகுது?”

இல்லை என்பதை வாயிலியே சொல்லட்டும் என்று ரஹீமா அவர்களை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“வாருங்கள் குயிலி, வாருங்கள் செங்கதிர்,” என்றது வாயிலி. “உங்கள் பங்கில் பாதி பத்திரமாக இருக்கிறது.”

ரஹீமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பாதியா? யார் வைக்கச் சொன்னது?”

“அவர்கள்தான். வெளிவாசலில் ‘பார்வை முடிந்ததா?’ என்று கேட்டேன். ‘போய்ட்டு வர்றோம்’ என்றார்கள். போனார்கள், இப்போதுதான் வந்திருக்கிறார்கள். திறப்பு நாளில் முதலில் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அதனால் யாரை உள்ளே விட்டாலும், அவர்கள் திரும்பி வரும்போது வேண்டுமே என்று பாதியை எடுத்துவைத்துவிடுகிறேன்.”

“‘போறேன்’னு யாருமே சொல்லலியா?” என்று கேட்டாள் ரஹீமா.

“இதுவரை ஒருவர்கூட இல்லை.”

“நல்லா இருக்கே!” என்றாள் குயிலி. “வாசல்ல நின்னு எவளாவது ‘போறேன்’னு சொல்லுவாளா?”

ரஹீமா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஊரே திட்டிய அந்த அவசர இருட்டுக்குக் காரணம் இதுதானா? இதுவரை வந்த அத்தனை பேருக்கும் உள்ளே மீதி வெளிச்சம் காத்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து ஒருவரும் திரும்பி வந்து கேட்கவில்லை. மேலிடத்துக்குத் தெரிந்தால் பழுது என்று சொல்லி முதல் வேலையாகச் சரிசெய்துவிடுவார்கள்.

“ஊருக்கு முதல்ல சொல்லிடறேன்,” என்றாள். “மேலிடத்துக்கு மெதுவா சொல்லிக்கலாம். நீங்க உள்ள போங்கம்மா.”

தர்பார் மண்டபத்தில் விளக்கு எரிந்தது. செங்கதிர் நிமிர்ந்து பார்த்தார்.

ராணி உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரையோ கண்டித்துவிட்டு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். அவர் ஆசையாகப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

“உம்முனு இருக்கா குயிலி!” குரலில் அத்தனை சந்தோஷம். “நான் எவ்வளவு கேட்டும் சிரிக்க மாட்டேங்குறா!”

குயிலிக்கு வெட்கமாகிவிட்டது. “ஐயோ, சிரிச்ச மாதிரிதாங்க எனக்கு ஞாபகம்.”

“சிரிச்சது நீ. சொல்றப்போ உன் குரல்லயே கேட்டுச்சு. நான்தான் ராணின்னு நெனைச்சுட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அவர் ராணியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, அந்தக் கையை எடுத்துவிட்டார். விளக்கு அணைந்தது. தரையோரப் பாதை விளக்கின் வெளிச்சமே அவருக்குப் போதுமாக இருந்தது.

வெளிவாசலில் வாயிலி கேட்டது: “பார்வை முடிந்ததா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போய்ட்டு வர்றோம்,” என்றார் செங்கதிர்.

“சரி,” என்றது வாயிலி. “மீதியை வைத்திருக்கிறேன்.”